ஏழாவது பையும் செல்வமணியின் காகிதக் கட்டும்

இலங்கைக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் என் முதுகுப்பையைப் பதினோரு முறை எடை போட்டேன். மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மாட்டுவதற்கென்றே சமையலறைக் கதவின் மேல்சட்டத்தில் ஒரு கொக்கி அடித்து வைத்திருக்கிறேன். பதினோரு முறையும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிராம் என்றுதான் காட்டியது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது இதய மருத்துவர் போட்ட உத்தரவு. அறுபது கிராம் மிச்சம் இருந்தது. ஆனாலும் எனக்கு நிம்மதியில்லை. அந்த எடையில் ஆயிரத்து நானூறு கிராம் என்னுடையதல்ல.

அது செல்வமணியின் காகிதக் கட்டு. செல்வமணி காரைக்காலை ஒட்டிய கிளிஞ்சல்மேட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வயது ஐம்பத்திரண்டு. என்னைவிடப் பத்தொன்பது வருஷம் சின்னவர். சுனாமியில் அவர் வீட்டோடு சேர்ந்து ரேஷன் கார்டு, படகுப் பதிவு, வீட்டுப் பத்திரம் எல்லாம் போயிற்று. அவர் அவர்தான் என்று காட்டுவதற்கான காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க மூன்று வருஷம் அலைந்தார். வாங்கி முடித்ததும் எல்லாவற்றையும் படகுத் தார்ப்பாயில் சுற்றி, வலை நூலால் கட்டி, கோவில்பத்தில் இருக்கும் என் வீட்டில் கொண்டு வந்து வைத்தார். கடலோரக் குடும்பங்கள் சில இப்படி ஊருக்குள் தெரிந்தவர்கள் வீட்டில் கட்டு வைத்திருப்பதுண்டு. தலத்தெருவில் என் நண்பர் ஒருவர் வீட்டு அலமாரியில் மூன்று குடும்பங்களின் கட்டுகள் இருக்கின்றன. என் பீரோவில் இது ஒன்றுதான், பதினேழு வருஷமாக. நான் பிரித்ததில்லை. என் வீட்டில் நான் எண்ணிப் பார்க்காத ஒரே பொருள் அதுதான்.

மனைவி சரோஜா திருச்சியில் மகள் வீட்டில் இருந்தாள். பயணம் ஒன்பது நாள். ஒன்பது நாளும் வீடு பூட்டிக் கிடக்கும். போன வருஷம் பீரோவுக்குப் பின்சுவரில் கரையான் புற்றைப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். வங்கி லாக்கரின் சாவி சரோஜாவின் கைப்பையில், திருச்சியில். என் சொந்தப் பத்திரம் என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பேன். அடுத்தவர் காகிதம். அதனால் என்னுடைய ஸ்வெட்டர், இரண்டாவது பேன்ட், குடை, இரண்டாவது துண்டு நான்கையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் காகிதக் கட்டை வைத்தேன். எடை கிராம் பிசகாமல் ஒத்துப்போயிற்று.

இதில் சிக்கல் என்னவென்றால், என்னோடு மலையேற வருவதே செல்வமணிதான். "உங்கள் கட்டுக்கு என் வீட்டில் பாதுகாப்பில்லை" என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமலே கிளம்பினேன்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் பைகளைப் படம்பிடிக்கும் இயந்திரத்தில் என் பை போனபோது அங்கிருந்த பெண் அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன சார், உள்ள இவ்வளவு பேப்பர் இருக்கு?"

"என் காகிதம்தாம்மா. மருத்துவக் காகிதம்."

இந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் பொய். செல்வமணி எனக்கு நேர் பின்னால் நின்றார். அவருடைய சாமான் மொத்தமும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் அடக்கம். அதன் இரண்டு காதுகளிலும் படகுக் கயிற்றைக் கோத்து முதுகில் மாட்டியிருந்தார்.

கப்பலில் எண்பத்துநாலு பயணிகள். மிதவைச் சட்டைகளை எண்ணலாமா என்று பணியாளரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். கரை மறைந்த பிறகுதான் நான் செய்திருக்கும் காரியம் முழுதாக உறைத்தது. கடலிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தக் கட்டை என்னிடம் கொடுத்தார் அந்த மனிதர். நான் அதை நடுக்கடலுக்கே கொண்டு வந்துவிட்டேன். பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"பைய கீழ எறக்கி வைங்க சார்," என்றார் செல்வமணி. "கப்பல் முழுவுனா பையும் சேந்துதான் முழுவும். மடியில வச்சா மட்டும் மெதக்கவா போவுது?"

பேச்சை மாற்றுவதற்காகப் பைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பத்துநாலு வருஷ மலையேற்றத்தில் இது எனக்கு ஏழாவது பை. செல்வமணிக்கு முதல் நாலு பைகளின் கதை தெரியாது.

முதல் பை அலுவலகத்துடையது. நீர்ப்பாசனப் பிரிவில் ஓவர்சியராக வாய்க்கால் கரைகளில் நடந்தவன் நான். அளவுப் புத்தகங்கள் வைக்கும் காக்கிக் கான்வாஸ் பையோடு பர்வதமலை ஏறினேன். ஒற்றை வார். ஆறு வருஷம் அதையே மாட்டியதில் இடது தோள் ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிட்டதாகத் தையல்காரர் அளந்து சொன்னார். அந்தப் பயத்தில் இரண்டு வார் உள்ள பைக்கு மாறினேன். அது என் மகள் போட்டுக் கழித்த பள்ளிப் பை. முதுகில் வாத்துப் படம். வெள்ளியங்கிரியில் பின்னால் வந்த ஒரு கூட்டம் ஏழு மலையும் என்னை "வாத்து சார்" என்றே கூப்பிட்டது.

மூன்றாவது பையைப் பிரான்சில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போனார். அலுமினியச் சட்டம் வைத்தது, அறுபத்தைந்து லிட்டர். இடம் இருந்ததால் நிரப்பினேன். கொடைக்கானல் மலைப்பாதையில் மூன்று லிட்டர் குக்கர், அதற்கு மாற்று ரப்பர் வளையம், துவரம்பருப்பு எல்லாம் சுமந்திருக்கிறேன். பதினாலு கிலோ. குக்கரை ஒரு தடவைகூட அடுப்பில் ஏற்றவில்லை. அடுத்தது பதினோரு அறைகள் உள்ள பை. எந்த அறையில் என்ன என்று ஒரு அட்டவணை எழுதி வைத்தேன். அட்டவணை எந்த அறையில் என்பது மறந்துபோயிற்று.

"அஞ்சாவது நான் தச்சுக் குடுத்தது," என்றார் செல்வமணி.

ஆமாம். பழைய தார்ப்பாயில், வலை பின்னும் நூலில். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் மீன் வாடை போகவே இல்லை. சதுரகிரியில் நாலு நாய்கள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை கூடவே வந்தன. அதற்குப் பிறகு முட்டி வலியில் சக்கரம் வைத்த ஒன்றை வாங்கினேன். கல்படியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் தூக்கத்தான் வேண்டியிருந்தது. ஸ்டென்ட் வைத்த பிறகு வாங்கியதுதான் இப்போதைய பை. சாம்பல் நிறம், இருபத்தெட்டு லிட்டர், வெறும் பை எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.

"அப்ப இன்னிக்கு எதுக்கு சார் இம்புட்டு கனமா இருக்கு? உப்பியிருக்கு பாருங்க."

"மாத்திரை," என்றேன். அது இரண்டாவது பொய்.

செல்வமணி மலையேற வந்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம் புதுக் குடியிருப்புக்கு வடிகால் அளக்கப் போயிருந்தேன். மட்டக்கருவியை நிறுத்தியிருந்தபோது ஒருவர் வந்து, "சார், நம்ம பக்கத்துல மேடான எடம் எது?" என்று கேட்டார். இந்தக் கடைமடை மண்ணின் உயரங்கள் எனக்கு மனப்பாடம். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. நாகூர் தர்காவின் மினாராதான் உயரம் என்றேன். "அது கட்டுனது. தானா இருக்கற மேடு வேணும்," என்றார். அவருடைய மகள் அந்த அலையில் போய்விட்டாள் என்று பிறகு அலுவலகத்தில் சொன்னார்கள். அடுத்த மாதம் அவரைப் பர்வதமலைக்குக் கூட்டிப்போனேன். உச்சியில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க தண்ணி ஏறாது," என்றார். அதிலிருந்து வருஷம் ஒரு மலை, இருவருமாக. மகளைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் தங்கியதில் சொல்ல வேண்டியது சாப்பாடுதான். காலையில் இடியப்பமும் சொதியும். நம் பக்கம் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுத் தருவார்கள். அங்கே மஞ்சள் போட்டுப் புளிப்பாக, கூடவே இடித்த தேங்காய்ச் சம்பல். நான் ஐந்து சாப்பிட்டேன், செல்வமணி பதினாலு. கடைக்கார அம்மா என்னைப் பார்த்து, "ஐயா, சாப்பிடேக்கை எண்டாலும் பையைக் கழட்டி வையுங்கோவன்," என்றார். அப்போதுதான் அதை முதுகிலேயே வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"அவரு தூங்கும்போதும் கழட்டல," என்றார் செல்வமணி. உண்மைதான். விடுதியில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் பஸ். சிவனொளிபாத மலையின் அடிவாரம் அது. நான் எண்ணியவரை அறுபத்து மூன்று பேர் ஏறியிருந்தார்கள். உட்கார இடமில்லை. ஒரு வளைவுக்கு ஒரு ஹாரன், தேயிலைச் சரிவு, கீழே நீர்த்தேக்கம். ஓட்டுநர் நம் ஊர்த் தனியார் பஸ் ஓட்டுநர்களுக்கு இளைத்தவரில்லை. செல்வமணி முன்படியருகே மாட்டிக்கொண்டார். நான் நடுவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தேன்.

சன்னலோரம் நீலச் சேலை கட்டிய ஒரு அம்மாள். தோட்டத்தில் வேலை பார்ப்பவர் என்று விரல்களின் கறையில் தெரிந்தது. நான் கவனிப்பதற்குள் பையின் வாரைப் பிடித்து இழுத்தார்.

"குடுங்கய்யா. வயசான காலத்துல எம்புட்டு நேரந்தான் சொமந்துகிட்டு நிப்பீங்க?"

நம் ஊர்ப் பஸ்ஸிலும் இதுதான் வழக்கம். நிற்பவர் பை உட்கார்ந்திருப்பவர் மடிக்குப் போய்விடும். வேண்டாம் என்றால் அந்த ஆளைச் சந்தேகப்படுவதாக ஆகும். கொடுத்தேன். சிறிது நேரத்தில் பின்னால் ஒரு மாணவி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். அங்கிருந்து பார்த்தால் நாலு வரிசைக்கு முன்னால் பையின் சாம்பல் வார் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன். காலையில் போடும் மாத்திரைக்குத் தூக்கம் உண்டு. பத்து நிமிஷம்தான் கண் அசந்ததாக நினைத்தேன்.

விழித்தபோது நல்லதண்ணி வந்துவிட்டது. எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சன்னலோரம் காலி. அம்மாளும் இல்லை, பையும் இல்லை. நான் இறங்கி ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக் கூடாதுதான், என் வயதுக்கு அது ஓட்டம். கடைகளுக்கு நடுவே நீலச் சேலை கட்டிய பெண்களை எல்லாம் முகத்துக்கு நேரே போய்ப் பார்த்தேன். ஒன்பது பேர். ஒருவரும் அவரில்லை. திரும்பி வந்தபோது பஸ் பின்வாங்கித் திரும்பி ஹட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றேன் செல்வமணியிடம்.

"யாரு, ஒங்ககிட்ட பைய வாங்குச்சே, அதுவா? ச்சே. அது மூஞ்சியப் பாத்தா அப்புடித் தெரியலயே."

"மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குமா?"

பஸ் நிலையத்தில் ஒரு சின்ன அறை. அதில் டைம்கீப்பர், மலையகத் தமிழர், நாற்பது வயது இருக்கும். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். தொலைபேசியில் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற ஒருவர் எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னார்: "சாம்பல் கலர் பை ஒன்னு பாத்தீங்களான்னு கேக்குறாரு. நடத்துநர் போனை எடுக்கலியாம். அந்த பஸ் திரும்பி வரணும்னா ரெண்டரை மணி நேரம் ஆகும்."

இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எதிரே தேநீர்க் கடை. பால் இல்லாத சாயத் தேநீர், கூடவே கையில் ஒரு கட்டி வெல்லம் வைத்துத் தருகிறார்கள். மூன்று முறை வாங்கி மூன்று முறையும் ஆறவிட்டேன். ஸ்வெட்டர் இல்லாததால் குளிர் எலும்பில் ஏறியது.

"ஸ்வெட்டர் எங்க சார்?"

"மறந்துட்டேன்."

"நீங்களா?" என்று செல்வமணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினார். "விடுங்க சார். பாஸ்போர்ட்டு இடுப்புல இருக்கு. மாத்திர இங்கயும் விக்கிறான். நாலு துணி போச்சு, அவ்வளவுதான? ஒன்னுமே இல்லாம ஆறு மாசம் இருந்தவன் நான். மொத ரெண்டு நாளுதான் கஷ்டமா இருக்கும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "செல்வமணி" என்றேன். "சொல்லுங்க" என்றார். "ஒன்னுமில்ல" என்றேன். இப்படி மூன்று தடவை. ஒரு மனிதர் மூன்று வருஷம் அலைந்து சேர்த்தது, பதினேழு வருஷம் என்னை நம்பி வைத்திருந்தது, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அவரோ எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். பஸ் நிலையத்தின் கூரைத் தகடுகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினால் முப்பத்தேழு வந்தது. எனக்குத் தெரிந்து இரண்டு எண்ணிக்கை மாறுவது இதுதான் முதல்முறை.

பஸ் வந்தது. நடத்துநர் ஓட்டுநர் பக்கத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து டைம்கீப்பர் மேசையில் வைத்தார். சாரல் படாமல் யாரோ அதன்மேல் ஒரு பாலிதீன் உறையைக் கவிழ்த்திருந்தார்கள். நடத்துநர் சிங்களத்தில் வேகமாகச் சொன்னதை டைம்கீப்பர் எங்களுக்குச் சொன்னார். அந்த அம்மாள் மஸ்கெலியாவில் இறங்கும்போது, பின்னால் தூங்குகிற பெரியவர் பை, எழுப்ப மனசில்லை, இறங்கும்போது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். இவர்தான் மறந்துவிட்டாராம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உள்ளுக்கு என்னா இருக்குன்னு சொல்லுங்க ஐயா," என்றார் டைம்கீப்பர், ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தபடி. "சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துகிட்டுப் போகலாம்."

"சட்டை ரெண்டு. கைலி ஒன்னு. துண்டு ஒன்னு. மாத்திரை ஆறு வகை, மொத்தம் ஐம்பத்தொன்னு. டார்ச் லைட்டு. முட்டிப்பட்டை ஒரு ஜோடி. தண்ணி பாட்டில்..." பதினேழு சாமான் சொன்னேன். பதினெட்டாவதைச் சொல்லவில்லை.

அவர் பையைத் திறந்தார். முதலில் கையில் வந்தது அதுதான். பச்சைத் தார்ப்பாய்க் கட்டு.

"இத நீங்க சொல்லல்லியே ஐயா. இது என்னா?"

"காகிதம்."

"யாருட காகிதம்?"

நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் முடிச்சில் விரலை வைத்தார். பின்னாலிருந்து செல்வமணியின் குரல் வந்தது.

"அத அவுக்காதீங்க சார். அது இழுத்தா இறுகற முடிச்சு. நான் அவுக்கறேன்."

அவர் முன்னால் வந்து இரண்டு விரலால் ஒரு சுருக்கைத் தள்ளினார். நூல் தளர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை.

டைம்கீப்பர் உறைகளைப் பிரித்து, மேலே இருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். செல்வமணியைப் பார்த்தார். பிறகு என்னை. "ஐயா கோவிச்சுக்காதீங்க. இந்தப் பைக்குள்ள இருக்குற அட்டையில எல்லாம் இவரு படந்தான் இருக்குது, இவரு பேருதான் இருக்குது. உங்க பேருல ஒன்னுமே இல்ல. நான் இத இவருக்கிட்டத்தான் குடுக்க முடியும்."

பதிவேட்டில் எழுதுவதற்காக ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். ரேஷன் கார்டு. வாக்காளர் அட்டை. படகுப் பதிவுப் புத்தகம். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை. வங்கிப் புத்தகம் இரண்டு. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பது முடிந்தது. முப்பத்தொன்றாவது, மஞ்சள் நிறத்தில் ஒரு அட்டை. ஓரமெல்லாம் நைந்திருந்தாலும் நடுவில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

"பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டை. மூனாம் வகுப்பு. கணக்கு எண்பத்தெட்டு." அவர் நிமிர்ந்து சிரித்தார். "மகளா? கெட்டிக்காரிதான். இப்ப என்னா செய்யுறாங்க?"

"மூணாவதோட சரி சார்," என்றார் செல்வமணி. "டீச்சர்ட்ட மார்க்கு போடக் குடுத்திருந்தது. அதனால அது மட்டும் பள்ளிக்கூடத்துல கெடந்துச்சு."

டைம்கீப்பர் அட்டையை மறுபடி பார்த்தார். மேலே எழுதியிருந்த வருஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருஷத்தைப் பற்றி அந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். அரையாண்டு மதிப்பெண்கள் வரை நிரப்பியிருந்தது. அதற்கு நேரே பெற்றோர் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது.

அவர் பிரித்த வரிசையிலேயே முப்பத்தொன்றையும் அடுக்கி, உறைகளைச் சுற்றி, முடிச்சுப் போடாமல் செல்வமணியிடம் நீட்டினார். செல்வமணி முடிச்சுப் போட்டு, காகிதக் கட்டை என் பைக்குள் வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டார். தன்னுடைய கட்டைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். நாற்பத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மலையின் அடிவாரத்தில் நான் பையில்லாமல் நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று அவர் பேசவில்லை. இரவு ரொட்டிக் கடையில், "சம்பல் காரம்," என்றார். அதுவும் கடைக்காரரிடம்.

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு ஏறத் தொடங்கினோம். ஊரார் எல்லோரும் இரவில் ஏறி விடியலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிரே போனோம். இறங்குபவர்கள் ஏறுபவர்களை வாழ்த்திவிட்டுப் போனார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் நானும் கும்பிட்டேன். படிகளை எண்ணினேன். ஆயிரத்து எழுநூறில் மூச்சு வாங்கி எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஒரு தகரக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்தேன். செல்வமணியும் உட்கார்ந்தார், பையைக் கழற்றாமல்.

"எதுக்கு சார் எடுத்துகிட்டு வந்தீங்க?"

சொன்னேன். கரையான், பூட்டு, லாக்கர் சாவி, எல்லாவற்றையும். ஸ்வெட்டரையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கடலுக்குத் தூரமா இருக்கட்டும்னுதான ஒங்கட்ட குடுத்தேன்."

"ஆமாம்."

"நீங்க கப்பல்லயே ஏத்திட்டீங்க."

"ஆமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தூக்கியிருப்பேன்ல?"

முட்டி வீங்கியிருந்தது. இதற்கு மேல் என்னால் முடியாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் தன் கட்டைப்பையை என் பக்கத்தில் வைத்தார். என் பையோடு ஏறினார். வளைவுக்கு வளைவு அந்தச் சாம்பல் நிறம் தெரிந்து மறைந்தது. பிறகு மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. மேலே வழுக்கும் என்றார் கடைக்காரர். ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம் காத்திருந்தேன். அந்தக் கடையில் பிஸ்கெட் பொட்டலங்கள் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

இறங்கி வந்தபோது அவர் முழுக்க நனைந்திருந்தார்.

"மேல மழ," என்றார். "கட்டு நனையல."

திரும்பும் கப்பலில் பை அவர் மடியில் இருந்தது. நான் கேட்காமலே அவர் சொன்னார்: "கப்பல்காரன்ட மொத்தம் நூத்தி இருவது மெதவ இருக்கு சார். நான் எண்ணிட்டேன்." என்னைக் கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் பேசினார், அதுவே போதும் என்றிருந்தது.

அவருடைய மோட்டார்சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தோம். காரைக்கால் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் கோவில்பத்து வந்து சேர்ந்தபோது மாலை நாலரை மணி. பூட்டு அப்படியே இருந்தது. பின்சுவரில் கரையான் இல்லை. ஒன்பது நாளும் அந்தக் கட்டு பீரோவிலேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லத் தைரியம் வராமல் பீரோவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

செல்வமணி தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். முப்பத்தொன்றையும் பரப்பினார். முப்பதை எடுத்து அடுக்கித் தார்ப்பாயில் சுற்றித் தன் கட்டைப்பைக்குள் வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துகிட்டுப் போறீங்களா?"

"இது போனா திரும்ப வாங்கிக்கலாம் சார். மூணு வருஷம் அலையணும், அவ்வளவுதான். எனக்குப் பழக்கம்." மஞ்சள் அட்டையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். "இது ஒங்கட்ட இருக்கட்டும்."

நான் வாங்கி பீரோவின் மேல்தட்டில் வைக்கப் போனேன்.

"நீங்க எங்கயும் போவாதப்ப அங்க வைங்க," என்றார். "வெளியூரு போறப்ப பூட்டிட்டுப் போவாதீங்க. எடுத்துகிட்டே போங்க. மடிக்காம."

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தராசில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு கிராம். நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர், அகலம் பதினாலு. ஏழாவது பையின் உள்ளறையில் குறுக்கே வைத்தால் ஒரு முனை வளைகிறது, நிமிர்த்தி வைத்தால் ஜிப் இடிக்கிறது. முதுகுப்பக்கம் வளையாத தகடும், அதற்குள் தண்ணீர் புகாத தட்டையான அறையும் உள்ள பை வேண்டும். காரைக்காலிலும் நாகையிலுமாக எட்டுக் கடையில் அட்டையின் அளவைக் காகிதத்தில் வெட்டி எடுத்துக்கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டேன். எத்தனை லிட்டர் பை வேண்டும் என்று எல்லாக் கடையிலும் கேட்கிறார்கள். எத்தனை லிட்டரானாலும் சரி என்கிறேன். அடுத்த மலைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் கிடைக்குமா என்றுதான் கவலையாக இருக்கிறது.